மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது

இந்த மாதமும் அதே கதைதான். வேளச்சேரியில் ஒரு வீடு. வாசல் கேமராக்கள், தொலைக்காட்சி, அலுவலக மடிக்கணினி, பிள்ளைகளின் கணினி எல்லாம் ஓர் எட்டு போர்ட் மேனேஜ்டு ஸ்விட்சில் (கருவிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும், அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய பெட்டி) இணைந்திருந்தன. "பாதுகாப்புக்காகத்தான் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம்" என்றார் வீட்டுக்காரர். அதன் அமைப்புகளைத் திறந்து பார்த்தால், அட்மின் கடவுச்சொல்லைக்கூட யாரும் மாற்றவில்லை.

தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். மேனேஜ்டு ஸ்விட்ச் தானாக எதையும் பிரிக்காது, தடுக்காது. இணைய வேகத்தையும் கூட்டாது. புதிதாக வரும்போது அதன் எல்லா போர்ட்டுகளும் விலான் 1 என்ற ஒரே வலையில்தான் இருக்கும். விலான் என்பது ஒரே ஸ்விட்சுக்குள் கருவிகளைத் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் வலை. உங்கள் கேமராவால் உங்கள் மடிக்கணினியைத் தாராளமாகத் தொட முடியும். கேமராவுக்கு ஒரு விலான், வேலைக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று என்று யாராவது உட்கார்ந்து பிரிக்கும்வரை அது விலை கூடிய சாதாரண ஸ்விட்ச், அவ்வளவே.

பிரித்தாலும் வேலை முடியவில்லை. ஒவ்வொரு விலானுக்கும் தனி ஐ.பி. முகவரி வரிசை (கருவிகளுக்கான வலை முகவரிகள்) கொடுக்கவும், எது எதனோடு பேசலாம் என்று தீர்மானிக்கவும் ரவுட்டர் வேண்டும். வீட்டுக்கு வாங்கும் லேயர் 2 ஸ்விட்ச், அதாவது ஒரே வலைக்குள் மட்டும் தகவலைக் கடத்தும் வகை, அந்த வேலையைச் செய்யாது. இணைய இணைப்போடு கொடுக்கப்படும் ரவுட்டர்கள் பலவற்றில் அந்த வசதியே கிடையாது. வைஃபை கருவிகளையும் பிரிக்க வேண்டுமென்றால் வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட்டுக்கும் விலான் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் ரவுட்டரைப் பாருங்கள், பிறகு ஸ்விட்ச் வாங்குங்கள். நான் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

கேமராவைப் பிரிக்கச் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2016இல் மிராய் என்ற தீநிரல் தயாரிப்பாளர்கள் போட்டு அனுப்பும் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உலகெங்கும் கேமராக்களையும், அவற்றின் பதிவுப் பெட்டிகளான டி.வி.ஆர்.களையும் கைப்பற்றியது. ஸ்விட்சின் கடவுச்சொல்லை நிறுவும் அன்றே மாற்றுங்கள். அதன் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கம் விருந்தினர் விலானிலிருந்து திறக்கிறதா என்றும் சோதியுங்கள். திறந்தால், பிரித்ததன் பயனில் பாதி போயிற்று.

அடுத்தது மின்சாரம். "பகலில் எல்லா கேமராவும் ஓடுகிறது, இருட்டியதும் ஒன்று நின்றுவிடுகிறது, கேமரா கெட்டுவிட்டது" என்று அழைப்பவர்கள் பலர். பல வீடுகளில் கேமரா கெடவில்லை. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கிறது, பி.ஓ.இ. ஸ்விட்சின் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் ஸ்விட்ச்) மொத்த வரம்பு தாண்டுகிறது. ஒரு போர்ட்டுக்கு 30 வாட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் எட்டுப் போர்ட்டுக்கு 240 வாட் என்று கணக்குப் போடாதீர்கள். மொத்த வரம்பு 60 வாட்டாகக்கூட இருக்கலாம். கேமராக்களின் இரவு நேரத் தேவையைக் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் இடைவெளி விட்டு வாங்குங்கள்.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பெரிய ஸ்விட்சை வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். அதன் மின்விசிறி சத்தத்தில் தூங்க முடியாது. 60 வாட் இழுக்கும் ஸ்விட்ச் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 86 யூனிட் தின்னும். பழைய மாடலுக்கு ஃபர்ம்வேர் (ஸ்விட்சை இயக்கும் உள்மென்பொருள்) வருவதும் நின்றிருக்கும்.

வீட்டுக்கு மின்விசிறி இல்லாத, உலோக உறை கொண்ட ஸ்விட்ச் போதும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்குக் கடைசி ஃபர்ம்வேர் எப்போது வந்தது என்று பாருங்கள். இணையம் இல்லாதபோதும் உள்ளிருந்தே திறக்கக்கூடிய நிர்வாகப் பக்கம் இருக்க வேண்டும். அடாப்டருக்கும் உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் முதலில் சாவது அதுதான். தகவல் சுற்றிச் சுற்றி வந்து வலையை முடக்குவதைத் தவிர்க்கும் லூப் தடுப்பு வசதி இருந்தால் இயக்கிவையுங்கள். ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் யாரோ சொருகி, வீடு முழுக்க இணையம் நின்றுபோவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பரணிலோ மூடிய அலமாரியிலோ வைக்காதீர்கள், சென்னை வெயிலை அது தாங்காது. மொட்டை மாடியிலிருந்து வரும் கேமரா கேபிளுக்கு மின்னல் தடுப்பான் போடுங்கள். ஐப்பசி இடிமழைக்குப் பின் கருகிய போர்ட்டுகளோடு வருகிறவர்கள் அதைத்தான் விட்டிருக்கிறார்கள்.

நிறுவியவர் கிளம்பும் முன் அமைப்புகளின் பேக்கப் கோப்பையும், எந்தப் போர்ட் எந்த விலான் என்ற குறிப்பையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கடவுச்சொல் அவரிடம் மட்டும் இருக்க விடாதீர்கள்.