சேமநிதிக் கணக்கில் ஒரு வெள்ளி எங்கே உதைக்கிறது?

சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துச் சின்னக் கடைகள், உணவகங்கள் பலவற்றில் சம்பளக் கணக்கு இன்னும் எக்செல்லில்தான் நடக்கிறது. அது தவறில்லை. ஆனால் சரிபார்க்க என்னிடம் வரும் கோப்புகளில் ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்: ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் கட்டும் மத்திய சேமநிதித் (சிபிஎஃப்) தொகையில் ஒரு வெள்ளி (டாலர்) உதைக்கும்.

55 வயதுக்குட்பட்ட ஊழியர் ஒருவரின் மாதச் சம்பளம் 2,358 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முழு விகிதப்படி மொத்தச் சந்தா 37 விழுக்காடு, அதாவது 872.46. அதில் ஊழியர் பங்கு 20 விழுக்காடு, 471.60. முதலாளி பங்கு 17 விழுக்காடு, 400.86. இரண்டு பங்குக்கும் தனித்தனியாக ‘ரவுண்ட்’ போட்டு, 472ஐயும் 401ஐயும் கூட்டி 873 என்று எழுதிவிடுகிறார்கள்.

சேமநிதி விதி வேறு. முதலில் மொத்தத்தை முழு வெள்ளியாக்க வேண்டும். 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த வெள்ளி, குறைந்தால் விட்டுவிடலாம். ஆக 872. ஊழியர் பங்கில் எத்தனை காசு இருந்தாலும் வெட்டிவிட வேண்டும். ஆக 471. மொத்தத்தில் அதைக் கழித்தால் கிடைக்கும் 401தான் முதலாளி பங்கு. எக்செல்லில் மொத்தத்துக்கு ‘ரவுண்ட்’, ஊழியர் பங்குக்கு ‘ரவுண்ட்டவுன்’, இரண்டிலும் தசம இடம் பூஜ்யம். முதலாளி பங்குக்கு வெறும் கழித்தல் போதும், அங்கே 17 விழுக்காடே வேண்டாம்.

ஒரு வெள்ளிதானே என்று சிலர் கேட்கிறார்கள். தவறாகப் பிடித்த அந்த வெள்ளி ஊழியரின் கைக்குப் போக வேண்டிய சம்பளம். மாதாமாதம், ஆளுக்கு ஆள் அது நடக்கிறது. சந்தேகம் இருந்தால் சேமநிதிக் கழக இணையத்தளத்தில் உள்ள கணக்கிடும் கருவியில் தொகையைப் போட்டு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, தசமத்தைக் குறைக்கும் பொத்தான். அது எண்ணின் தோற்றத்தை மட்டுமே மாற்றும், உள்ளே எல்லாத் தசமங்களோடும் எண் அப்படியே இருக்கும். 3.40 வெள்ளிப் பொருள்கள் மூன்றுக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியைத் தனித்தனியாகப் போட்டால், திரையில் ஒவ்வொன்றும் 0.31 என்று தெரியும். கீழே மொத்தமோ 0.92 என்று வரும். உள்ளே இருப்பது 0.306 அல்லவா! வாடிக்கையாளர் கையால் கூட்டினால் 0.93. பொருள்வாரியாக வரி போடுவதென்றால் ஒவ்வொரு பொருளின் வரித்தொகைக்கும் ‘ரவுண்ட்’ இரண்டு தசமத்துக்கு இருக்கட்டும். மொத்தத்தில் போடுவதென்றால் அங்கே மட்டும். எதைத் தேர்ந்தாலும் எல்லா விலைப்பட்டியலிலும் அதையே பின்பற்றுங்கள்.

அப்புறம், திரையில் தெரிவதையே உண்மை மதிப்பாக்கும் அமைப்பு ஒன்று எக்செல்லில் உண்டு. சுலப வழி என்று அதைத் தொடாதீர்கள். நேரடியாகத் தட்டிய எண்களின் தசமங்கள் கோப்பு முழுவதும் நிரந்தரமாக அழிந்துபோகும், அமைப்பை அணைத்தாலும் திரும்பி வராது.