பந்திக்கு ஆள் எழுந்ததும் மண்டபம் ஏன் இரைகிறது?

மதுரையில் பல கல்யாண மண்டபங்களில் இதைக் கேட்கலாம். முகூர்த்தம் முடிகிறவரை நாதஸ்வரம் ஓரளவு தெளிவாக இருக்கும். முதல் பந்திக்குப் பாதிச் சனம் எழுந்து போனதும், அதே வித்வான், அதே மைக், அதே ராகம்தான். ஆனால் தகர டப்பாவை உருட்டின மாதிரி கேட்கும். மைக் செட்காரர் எதையாவது திருகிப் பார்ப்பார். ஒன்றும் ஆகாது. ஒலியை விழுங்கிக்கொண்டிருந்த உடம்புகளும் பட்டுச் சேலைகளும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டன.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, மிச்சம் இருக்கும் முழக்கம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. கிடைத்த சூத்திரம் எளிது: மண்டபத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, உள்ளே இருக்கும் மொத்த உறிஞ்சு பரப்பால் (ஒவ்வொரு பரப்பின் சதுர மீட்டரையும் அது ஒலியில் விழுங்கும் பங்கால் பெருக்கிக் கூட்டினது) வகுக்க வேண்டும். வருவது எதிர்முழக்க நேரம். ஒலி 60 டெசிபல், அதாவது ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்காக, இறங்குவதற்கு ஆகும் நொடிகள். சபைன் யோசனைப்படி 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இன்றைக்கும் உலகின் சிறந்த அரங்குகளில் ஒன்று.

நம் மண்டபத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏறக்குறைய நூறடிக்கு அறுபதடி: நீளம் 30 மீட்டர், அகலம் 18, உயரம் 7. கன அளவு 3,780 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 1,752 சதுர மீட்டர். கிரானைட், டைல்ஸ், பூச்சு, கண்ணாடி எல்லாமே ஒலியைத் திருப்பியடிப்பவை. கதவு, மேடைப் பலகையையும் சேர்த்துச் சராசரியாக நூற்றுக்கு ஐந்து பங்குதான் விழுங்கும் என்று வைத்தால், உறிஞ்சு பரப்பு 88 சதுர மீட்டர். காலி மண்டபத்தில் ஏறக்குறைய 7 நொடி. ஓர் ஆள் சுமார் 0.45 சதுர மீட்டர் விழுங்குவார். 500 பேர் உட்கார்ந்தால் 1.9 நொடி. அதில் 300 பேர் பந்திக்குப் போய் 200 பேர் மிஞ்சினால் 3.4 நொடி! பிளாஸ்டிக் நாற்காலி எதையும் விழுங்காது. நல்ல இசை அரங்குகளில் இருக்கைக்கு மெத்தை தைப்பது சொகுசுக்கு மட்டுமில்லை. ஆள் இல்லாவிட்டாலும் ஆள் அளவுக்கு அது ஒலியை விழுங்க வேண்டும்.

நேரம் நீண்டால் என்ன கெடுகிறது? தனி ஆவர்த்தனத்தில், அதாவது கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியில், நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில், தட்டுக்கு எட்டுச் சொல் (மிருதங்க அடி) விழுந்தால், இரண்டு சொல்லுக்கு இடையே 94 மில்லி நொடி. 7 நொடி முழக்கமுள்ள கூடத்தில் அந்த இடைவெளியில் முன் சொல் 0.8 டெசிபல்தான் அடங்கும். அடுத்த ‘தக’ அதன் தலைமேலேயே விழும். 1.2 நொடிக் கூடத்தில் 4.7 டெசிபல் அடங்கிவிடும்; விரல் விரலாகக் கேட்கும். மேல்நாட்டு வாத்தியக் குழுவுக்கு 1.8 முதல் 2.2 நொடி வேண்டும். சுரங்களை ஒட்டுவதே அங்கே கூடத்தின் வேலை. நமக்கு அந்த வேலையைத் தம்புரா பார்த்துக்கொள்கிறது. கச்சேரிக்கு 1.2 முதல் 1.5 நொடி என்பது என் கணிப்பு.

நேரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, முதலில் திரும்பிவரும் ஒலி எப்போது வருகிறது என்பதும் முக்கியம். நேரடி ஒலிக்குப் பின் 80 மில்லி நொடிக்குள் வருவதைக் காது அதனோடு சேர்த்துக் கேட்டு, ‘கனமாக இருக்கிறது’ என்று மகிழும். பிந்தி, பலமாக வந்தால் எதிரொலி. மதுரைச் சூட்டில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் ஓடும். மேடையில் பிறந்து 30 மீட்டர் தள்ளியுள்ள பின்சுவரில் முட்டி முன்வரிசைக்குத் திரும்ப 170 மில்லி நொடி. பாடகருக்கே தன் குரல் பின்சுவரிலிருந்து பாடும்.

2017-ல் ஹாம்பர்க்கில் திறந்த எல்ப்ஃபில்ஹார்மோனி அரங்கில் சுமார் 2,100 இருக்கைகள், நடுவில் மேடை, சுற்றிலும் திராட்சைத் தோட்டம் போலப் படிப்படியாக வரிசைகள். வெளிச்சுவர் தூரத்தில் இருப்பதால், ஒவ்வொரு படியின் முன்சுவரும் ஒலியைச் சீக்கிரம் திருப்பித் தருகிறது. ஒலியியலாளர் யசுஹிசா டொயோட்டா சுவரையும் கூரையையும் சுமார் 10,000 ஜிப்சம் பலகைகளால் மூடினார். அவற்றில் பத்து லட்சம் குழிகள், ஒலியைக் கண்ணாடி போலத் திருப்பாமல் சிதறடிக்க. துறைமுகக் கப்பல் சங்கு உள்ளே வராமலிருக்க முழு அரங்கும் 362 சுருள்வில் கட்டுகளின்மேல் நிற்கிறது. நம் ஆயிரங்கால் மண்டபத்துச் சிற்பத் தூண்களும் சிதறடிக்கும் வேலையைத்தான் செய்கின்றன: பத்து சென்டிமீட்டர் மேடுபள்ளம் 3,500 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியை உடைக்கும். ஆனால் அந்த ‘தோட்ட’ அமைப்பை இங்கே அப்படியே கட்டுவது வீண். குரலின் கூர்மையான பகுதி முன்னோக்கியே பாயும். பாடகரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், மழுங்கும்.

இருக்கிற மண்டபத்தை எப்படிச் சரிசெய்வது? மின்விசிறியை நிறுத்தி, காலிக் கூடத்தில் பெரிய பலூன் ஒன்றை ஊசியால் வெடித்துப் போனில் பதிவுசெய்யுங்கள். நீண்டு இழுத்தால் முழக்கம். ‘படபட’ என்றால் எதிரெதிர்ச் சுவர்கள் பந்தாடுகின்றன. தனியாக ஒரு ‘டப்’ வந்தால் அது பின்சுவர்.

சுவரில் முட்டை அட்டையும் மெல்லிய கம்பளமும் ஒட்டுவது பலர் செய்யும் தவறு. அவை உச்ச ஒலியை மட்டும் கொஞ்சம் தின்னும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர், அரை அங்குல அட்டை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தம்புராவின் ஜீவன் போய், மிருதங்கத் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) மட்டும் ‘கும்’மென்று நிற்கும். 5 சென்டிமீட்டர் கனமுள்ள ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பலகையைக் காற்றுப் புகும் துணியால் மூடி, சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி மாட்டினால், சுமார் 250 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பெரும்பகுதி ஒலி அடங்கும். பின்சுவரிலும் அதை ஒட்டிய பக்கச்சுவர்களின் மேற்பகுதியிலும் 150 சதுர மீட்டர் மாட்டினால், 500 பேர் இருக்கையில் 1.4 நொடி, பந்தி நேரத்தில் 2.1. மேடையை ஒட்டிய பக்கச்சுவரிலும் அதன் கூரையிலும் கைவைக்காதீர்கள். சீக்கிரம் திரும்பும் நல்ல ஒலி அங்கிருந்துதான் வருகிறது.

முழங்கும் கூடத்தில் சத்தத்தை ஏற்றினால் முழக்கமும் அதே அளவு ஏறும். மேடையோரப் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைக் குறைத்து, நடுக்கூடத்தில் ஆட்களின் தலையைப் பார்த்துச் சிறிய நெடும்பெட்டிகள் வைக்க வேண்டும். மேடைக்கு 17.5 மீட்டர் தள்ளி வைத்தால் அதற்கு 50 மில்லி நொடி தாமதம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மேடையிலிருந்து நேரே வரும் ஒலிக்கு முன்பே பெட்டியின் குரல் வந்துவிடும். நாதஸ்வரத்துக்கு? தெருவையும் பிராகாரத்தையும் நிறைக்கப் பிறந்த வாத்தியம் அது. இந்த அளவு மண்டபத்தில் அதன் மைக்கை அணைத்துவிடலாம்.