நீர்த்த மாதிரியா, மோசடியா? போதைப்பொருள் பரிசோதனையின் வேதியியல்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கோ கோவை ஃபவுண்டரிக்கோ ஆள் எடுக்கும்போது சிறுநீரில் போதைப்பொருள் பரிசோதனை வைக்க நினைத்தால், உடனே எழும் கேள்வி: "தண்ணி கலந்து குடுத்துட்டா என்னங்க பண்றது?" கண்டுபிடித்துவிடலாம். அதைவிடக் கடினம், நேர்மையான தொழிலாளியை மோசடிக்காரர் ஆக்காமல் இருப்பது. இங்கே தரும் அளவுகள் அமெரிக்க அரசு விதிகளில் உள்ளவை.

மாதிரி எடுக்கும் கழிப்பறையில் தண்ணீர்க் குழாயை அடைத்து, தொட்டித் தண்ணீரில் நீலச் சாயம் கரைத்திருப்பார்கள். குறைந்தது 45 மி.லி. சிறுநீர் வேண்டும். கப்பின் பக்கவாட்டில் ஒட்டிய வெப்பப் பட்டையை 4 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் சரி. உடல்சூட்டுக்கும் அறைச்சூட்டுக்கும் உள்ள இடைவெளிதான் இந்தச் சோதனையின் பலம். கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரியைத் தொடும்போது பட்டை சொல்வதற்கு மதிப்பில்லை. ஏசி அறை இல்லாமல் அங்கே மாதிரி எடுக்கக் கூடாது.

அடுத்தது கிரியேட்டினின். தசையிலிருந்து உண்டாகி, நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சிறுநீரகம் வழியே வெளியேறும் கழிவு இது. காரம் சேர்த்த பிக்ரிக் அமிலத்தோடு கலந்தால் ஆரஞ்சு நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கிரியேட்டினின். 1886இல் மாக்ஸ் யாஃபே கண்டறிந்த இந்த வினை இன்றும் லேப்களில் ஓடுகிறது. டெசிலிட்டருக்கு 20 மி.கி.க்குக் கீழே வந்தால் ஒப்படர்த்தியையும் (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) பார்ப்பார்கள். கிரியேட்டினின் 2 முதல் 20க்குள், ஒப்படர்த்தி 1.0010க்கு மேல் 1.0030க்குள் என்றால் நீர்த்த மாதிரி. கிரியேட்டினின் 2க்கும் கீழே, ஒப்படர்த்தி மட்டும் 1.0200 அல்லது அதற்கு மேல் என்றால்? மனித உடலிலிருந்து வராத ஏதோ கரைசல். மாற்றி வைத்த மாதிரி என்று பதிவாகும். 1.0010 அல்லது அதற்குக் குறைவு என்றாலும் அதே முடிவுதான்.

நீர்த்த மாதிரியை மோசடி என்று முத்திரை குத்துவது அநியாயம். உலைக்கு முன்னால் நிற்பவரும், திருப்பூர் சாயப்பட்டறையில் ஆவியில் வேலை செய்பவரும் குடம் குடமாய்த் தண்ணீர் குடிப்பார்கள். மெலிந்த உடல்காரருக்கும் கறி சாப்பிடாதவருக்கும் கிரியேட்டினின் இயல்பாகவே குறைவு. அவர்களிடம் இன்னொரு நாள் காலையில், வேலை தொடங்குமுன் மாதிரி எடுத்தால் போதும். நீர்த்திருந்தும் போதைப்பொருள் வரம்பைத் தாண்டித் தெரிந்தால் அது பாசிட்டிவ்தான்.

ரசாயனம் கலந்திருந்தால் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) காட்டிக்கொடுக்கும்: 4க்குக் கீழே, அல்லது 11ம் அதற்கு மேலும் கலப்படம். ஆனால் 9க்கும் 11க்கும் நடுவில் வந்தால் அவசரப்படக் கூடாது. வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்த மாதிரியில் பாக்டீரியா யூரியாவை அம்மோனியாவாக உடைத்து பி.எச்.சை 9க்கு மேல் ஏற்றிவிடும். ஐஸ் பெட்டியில் அனுப்பியிருந்தால் இந்தச் சந்தேகமே எழாது. போதைப்பொருளை மறைக்கக் கலக்கும் நைட்ரைட் என்ற ரசாயனமும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்றிலும் அது உண்டாகும். அதனால்தான் கலப்பட வரம்பை மி.லி.க்கு 500 மைக்ரோகிராம் என்று உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

மாதிரியை எடுத்தவுடனே, கொடுத்தவர் கண்முன் 30 மி.லி., 15 மி.லி. என இரண்டு பாட்டிலில் ஊற்றி சீல் வைக்க வேண்டும். முடிவை ஏற்காதவர் தகவல் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் கேட்டால், அந்த 15 மி.லி. வேறொரு லேபுக்குப் போகும். கலப்படம் என்று வந்த முடிவுக்கும் இந்த உரிமை உண்டு.