பாதிப் பெட்டி, எட்டு மடங்கு விறைப்பு

மாமாவின் டபுள் பேரல் துப்பாக்கி பதினாலு வருஷமாக பீரோவில்தான் இருந்தது. அத்தையின் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, மேலே ஒரு மிலிட்டரி கம்பளி. மாமாவுக்கு ஊர் வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பேர் எடுத்த ஊர் அது. ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர், லைசென்ஸ் எடுத்து ஒரு வங்கியில் கன்மேன் வேலைக்குப் போனார். அதற்காக வாங்கிய பன்னிரண்டு போர், அதாவது 12 என்ற குழல் அளவுள்ள துப்பாக்கி.

போன பொங்கல் லீவுக்கு வந்த பேரன், ஏழு வயசு, அந்த பீரோவைத் திறந்துவிட்டான். பூட்டை உடைக்கவில்லை. பக்கத்து அறை பீரோவின் சாவியை எடுத்துப் போட்டிருக்கிறான், திறந்துகொண்டது. துப்பாக்கியில் தோட்டா இல்லை, தோட்டாக்கள் வேறு இடத்தில் இருந்தன. ஆனாலும் மாமா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் எனக்கு போன். "கண்ணு, ஒரு பொட்டி பாக்கணும். ரொம்ப செலவு வெக்காத."

வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். ஆளுயரப் பெட்டிகள் வரிசையாக நின்றன. கைரேகை, நம்பர் பலகை, உள்ளே எல்ஈடி விளக்கு, தீப்பிடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று ஸ்டிக்கர். மாமா ஒரு பெட்டியின் பக்கவாட்டை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, தகர டப்பாவா கீதே?" கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "மூணு எம்எம் சார்" என்றார்.

மூணு மில்லிமீட்டரா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு டேப்பும் எடை மெஷினும் போதும். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, 1 மில்லிமீட்டர் கனம் இருந்தால் 7.85 கிலோ எடை. இது இரும்பின் அடர்த்தி, எந்தக் கடையிலும் மாறாது. அந்தப் பெட்டி 150 சென்டிமீட்டர் உயரம், 40 அகலம், 35 ஆழம். ஆறு பக்கங்களையும் கூட்டினால் சுமார் 2.5 சதுர மீட்டர். 1 மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் 20 கிலோ, 3 மில்லிமீட்டரில் செய்தால் 60 கிலோ. அட்டையில் போட்டிருந்த எடை 38 கிலோ. பூட்டு, கைப்பிடி, தட்டு எல்லாம் சேர்த்துத்தான் 38. கதவு மட்டும் மூணு எம்எம்மாக இருக்கலாம், மற்றதெல்லாம் ஒன்றரையைத் தாண்டாது.

சில பட்டறைகளில் கனத்தை கேஜ் கணக்கில் சொல்வார்கள். அங்கே எண் ஏற ஏற தகடு மெலியும். 20 கேஜ் என்றால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர், சாதாரண பீரோ தகடு. 12 கேஜ் என்றால் 2.6 மில்லிமீட்டர். மாமாவுக்கு இது உடனே பிடிபட்டது. துப்பாக்கியின் போர் கணக்கும் அதே மாதிரி தலைகீழ்தான். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் அதில் ஒன்று நுழையும் குழல் 12 போர், 20 உருண்டைகளாக்கினால் 20 போர். எண் பெரிசு, குழல் சிறிசு.

தகட்டின் கனத்துக்கு இவ்வளவு மல்லுக்கட்டுவது ஏன்? ஒரு தகட்டை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு 2×2×2, எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் 27 மடங்கு. தகடு வளையும்போது அதன் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நசுங்குகிறது, நடுவில் ஒரு அடுக்கு சும்மா இருக்கிறது. கனம் கூடினால் எதிர்த்து நிற்கும் இரும்பும் கூடுகிறது, அந்த இரும்பு நடு அடுக்கிலிருந்து தள்ளியும் போகிறது. தள்ளிப்போகப் போக அதற்கு நெம்புபலமும் அதிகம். மெல்லிய அட்டை விசிறி போல வளைவதும், அதே தாளில் செய்த கனத்த காலண்டர் அட்டை முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவின் துப்பாக்கியைப் பார்த்தேன். முழு நீளம் நாலடிக்குச் சற்று கம்மி. அதற்காகத்தான் ஆளுயரப் பெட்டி தேடிக்கொண்டிருந்தோம். ஆனால் டபுள் பேரல் துப்பாக்கி ஒரே துண்டு இல்லை. முன்கட்டையைக் கழற்றி மடக்கினால் குழல் தனியாக, கட்டை தனியாக வந்துவிடும். குழல் 30 அங்குலம், அதாவது 76 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 ஆழம் உள்ள பெட்டியில் இரண்டு பாகமும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டியின் மொத்தப் பரப்பு 1.25 சதுர மீட்டர்தான். பெரிய பெட்டியில் சரிபாதி.

60 கிலோ இரும்பில் ஆளுயரப் பெட்டி செய்தால் தகடு 3 மில்லிமீட்டர். அதே 60 கிலோவில் இந்தக் குட்டிப் பெட்டியைச் செய்தால் 6 மில்லிமீட்டர். பட்டறையில் இரும்பை எடை போட்டுத்தான் விலை சொல்கிறார்கள். ஏறக்குறைய அதே காசில் எட்டு மடங்கு விறைப்பு. குறைந்த பட்ஜெட்டில் துப்பாக்கிப் பெட்டி தேடுகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த ஒரே ரகசியம் இதுதான். கூலி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மாமாவுக்கு 4 மில்லிமீட்டரே போதும் என்று முடிவு செய்தோம். எடை 40 கிலோ, செலவு இன்னும் இறங்கியது. திருடன் கட்டிங் மெஷினோடு வந்து நிதானமாக உட்கார்ந்தால் 4 என்ன, 6 என்ன, அறுபடும்தான். கடப்பாரையோடு அவசரமாக வருகிறவனுக்குத்தான் இந்தக் கணக்கு. அக்கம்பக்கத்தார் எழுந்து வரும்வரை பெட்டி தாக்குப்பிடித்தால் சரி.

கடப்பாரை சுவரைத் தேடாது, கதவிடுக்கைத் தேடும். வேலூர்க் கோட்டையிலேயே நடந்த கதைதான். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்தபோது, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு 25 கிலோமீட்டர் விரைந்து வந்தார். கருங்கல் மதிலை அவர்கள் உடைக்கப் பார்க்கவில்லை. சிறு பீரங்கிகளைக் கொண்டுவந்து வாசல் கதவைத்தான் பிளந்தார்கள். பெட்டியிலும் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு நகம் நுழைந்தால் நாளைக்குக் கடப்பாரையின் நுனி நுழையும். கதவு நிலைக்குள் அமிழ்ந்து உட்கார வேண்டும். கைப்பிடியைத் திருப்பினால் வெளியே வரும் தாழ்க்கம்பிகள் விரல் கனமாவது இருக்க வேண்டும், நிலைக்குப் பின்னால் நன்றாக நுழைய வேண்டும். கீல் வெளியே தெரிகிறதே, அறுத்துவிட்டால்? என்று பலர் பயப்படுவார்கள். கீல் பக்கத்திலும் நிலைக்குள் சொருகிக்கொள்ளும் ஒரு பட்டை இருந்தால், கீலை அறுத்தாலும் கதவு வராது. கடையில் கதவைத் திறந்து வைத்து அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது, பெட்டியைத் தரையோடு கட்டுவது. இதை நம்மவர்கள் சட்டையே செய்வதில்லை, "அறுபது கிலோ சார், யாரு தூக்குவா?" என்பார்கள். தூக்க வேண்டாமே, சாய்த்தால் போதும். 60 கிலோ பெட்டியின் ஆழம் 35 சென்டிமீட்டர் என்றால் அதன் எடை முன்விளிம்பிலிருந்து 17.5 சென்டிமீட்டர் உள்ளே விழுகிறது. மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கிறவனுக்கு 150 சென்டிமீட்டர் நெம்புகோல் கிடைக்கிறது. 60 × 17.5 ÷ 150 = 7. ஏழு கிலோ இழுப்புக்குப் பெட்டி கிளம்பிவிடும்! பேரன் கைப்பிடியைப் பிடித்து ஓங்கி இழுத்தாலே சாயலாம். அவன் மேலேயே விழும். திருடனுக்கோ, பெட்டி மல்லாக்கப் படுத்துவிட்டால் ஏறி நின்று உடம்பு எடை முழுவதையும் கடப்பாரையில் போடலாம்.

நாங்கள் மாமா வீட்டுச் சுவர் அலமாரியின் அடித்தட்டில், கான்கிரீட் பலகைக்குக் கீழே பெட்டியைப் படுக்க வைத்து, நாலு ஆங்கர் போல்ட் அடித்தோம். இந்த போல்ட்டைச் சுற்றி ஒரு உறை இருக்கும். முறுக்க முறுக்க உள்ளே இருக்கும் கூம்பு மேலேறி உறையை விரிக்கும், உறை துளையின் சுவரை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளியே இழுத்தால் இன்னும் இறுகும். செங்கல் சுவரில் இந்த வேலை சரிப்படாது, கல் விரிசல் விட்டுவிடும். தரையில் அடிப்பதே நல்லது. கதவு திறக்கும் விளிம்பு மூலைச் சுவரை ஒட்டி வரும்படி திருப்பி வைத்தோம். கடப்பாரையை வீச அங்கே இடமே கிடையாது.

சரி, பூட்டு. பீரோவின் கதை தெரிந்ததுதான். மலிவான பூட்டுகளில் சாவி வகைகளே கொஞ்சம், அதனால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேர்ந்துவிடும். நல்ல லீவர் பூட்டு, அதாவது திண்டுக்கல்காரர்கள் பரம்பரையாகச் செய்யும் வகை, வேறு மாதிரி. உள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள் அடுக்காக இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. சாவியின் பற்கள் எல்லாத் தகடுகளையும் ஒரே சமயத்தில் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் வெட்டுகள் நேர்க்கோட்டில் வந்து தாழுக்கு வழிவிடும். ஒன்று குறைந்தாலும் போச்சு, கூடினாலும் போச்சு. ஆறு தகடுகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு உயரம் என்றால் ஏழை ஆறு முறை பெருக்க வேண்டும். 1,17,649 சாவிகள்.

நம்பர் பலகை உள்ள மலிவுப் பெட்டிகளில் தாழைத் தடுத்துக்கொண்டிருப்பது சுண்டுவிரல் அளவு ஒரு இரும்புத் துண்டும், அதைத் தள்ளும் ஒரு ஸ்பிரிங்கும்தான். சரியான எண்ணை அழுத்தினால் மின்காந்தச் சுருள் அந்தத் துண்டை ஒரு நொடி இழுக்கும். ஸ்பிரிங் மெலிதாக இருந்தால், பெட்டி அதிர்ந்தாலும் துண்டு துள்ளும். கடையில் ஒரு சின்னப் பெட்டியின் தலையில் முஷ்டியால் குத்திக்கொண்டே குமிழைத் திருப்பினேன், மூன்றாவது குத்தில் கதவு திறந்தது. கடைக்காரர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் காசு கொடுப்பது நாம், குத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கைரேகைப் பெட்டி மாமாவின் கட்டைவிரலை நாலு முறை நிராகரித்தது. ரேகையின் மேடுகள் கண்ணாடிக்கு அருகிலும் பள்ளங்கள் தள்ளியும் இருப்பதால் ஏற்படும் மின்தேக்க வித்தியாசத்தை, அதாவது மின்னேற்றம் தேங்கும் அளவில் உள்ள வித்தியாசத்தை, அது அளக்கிறது. கரும்பும் மண்வெட்டியும் தேய்த்த விரலில் மேடு எங்கே, பள்ளம் எங்கே? பீடி சுற்றும் பெண்கள் ரேஷன் கடை மெஷினில் படும் பாட்டை குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். மாமா லீவர் பூட்டையே எடுத்தார். சாவி இப்போது அவர் அரைஞாண் கயிற்றில்.

தீயைத் தாங்கும் பெட்டி ஒரு தந்திரமான சரக்கு. அதன் சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் ஜிப்சம் அல்லது அதைப் போன்ற கலவை. ஒரு கிலோ ஜிப்சத்தில் சுமார் 200 கிராம் தண்ணீர் படிகத்தோடு கட்டுண்டு கிடக்கிறது, தொட்டால் ஈரம் தெரியாது. வெளியே 900 டிகிரி எரிந்தாலும், 100 டிகிரியைத் தாண்டியதும் அந்தத் தண்ணீர் விடுபட்டு ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் தீரும்வரை உள்ளே இருக்கும் காகிதம் கருகாது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக மட்டும் 2,257 கிலோஜூல் வேண்டும். அருமையான ஏற்பாடு, ஆனால் இரண்டு தொந்தரவு. ஒன்று, எடையில் பாதி ஜிப்சம் என்பதால் நான் சொன்ன எடைக் கணக்கு அங்கே பலிக்காது, தகடு மெலிதாக இருந்தும் பெட்டி கனக்கும். இரண்டு, சில கலவைகள் அந்த ஈரத்தை சாதாரண நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். பத்திரத்துக்குப் பரவாயில்லை, துப்பாக்கிக்கு ஆகாது. கான்கிரீட் கூரை போட்ட வீட்டில், கம்மி பட்ஜெட்டில், தீக்குக் கொடுக்கும் காசை இரும்புக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஈரம்தான் நிஜமான எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் பகல் 30 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 26 டிகிரிக்கு ஆறினாலே ஈரத்தைக் கக்க ஆரம்பிக்கும். ராத்திரி மழையில் நனைந்த வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு 22 டிகிரிக்கு இறங்கும். காலையில் குழல்மேல் வியர்த்திருக்கும். அதனால் வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவர் ஓரம் வைக்க வேண்டும், உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட வேண்டும். நிறம் மாறிவிட்டால் 120 டிகிரி சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம், சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். மாமா வருஷக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் தடவிவந்தார். அது நாளானால் காறிப்போய் அமிலம் விடும். தையல் மெஷின் எண்ணெய் அப்படிச் செய்யாது.

பழைய பீரோவிலிருந்து துப்பாக்கியை எடுத்த அன்றுதான் ஒன்றைக் கவனித்தோம். ஆம்பூர் தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவர் அழகான தோல் உறை ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார். மாமாவுக்கு அதில் அவ்வளவு பெருமை, துப்பாக்கியை அதை விட்டு எடுக்கவே மாட்டார். உறையை உருவினோம். குழலின் அடிப்பக்கம் நெடுக, தையல் ஓடிய தடத்திலேயே, புள்ளி புள்ளியாகச் செம்பழுப்புத் துரு. குரோமியம் உப்பால் பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது. போதாததற்கு ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். இரும்புக்கு அதைவிட மோசமான படுக்கை கிடையாது.

மாமா துணியில் எண்ணெய் தொட்டு அந்தப் புள்ளிகளை ஒரு மணி நேரம் தேய்த்தார். பாதிதான் போனது. பாகங்களைப் புதுப் பெட்டியில் ரப்பர் விரிப்பின்மேல் வெறுமனே படுக்க வைத்துப் பூட்டினார். தோட்டாக்கள் தனிப் பூட்டில், சமையலறை லாஃப்டில். தோல் உறையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. இப்போது வாசல் மூலையில் அத்தையின் குடை அதில் நிற்கிறது.