சிங்குல்டுஸ்: விக்கலா, விம்மலா?

டாக்டர் சீட்டில் 'சிங்குல்டஸ்' என்று எழுதியிருந்தால் பயந்துவிடாதீர்கள், அது நம்ம விக்கல்தான். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் திடீரென்று வெட்டி இழுக்க, உள்ளே பாயும் காற்றைக் குரல்வளை பட்டென்று அடைக்க, வருகிறதே 'ஹிக்', அதற்கு மருத்துவம் இன்றும் வைத்திருக்கும் லத்தீன் பெயர்.

ஆனால் லத்தீனில் அந்தச் சொல் விக்கலோடு நிற்கவில்லை. கி.பி. 8இல் ரோமிலிருந்து நாடு கடத்தப்பட்ட கவிஞர் ஓவிட், கிளம்பும் இரவில் தெய்வங்களை வேண்டிய மனைவியின் பேச்சைப் பாதிப் பாதியாக வெட்டிய அழுகையை இதே சொல்லால்தான் சொல்கிறார். வெர்ஜிலின் காவியத்தில் ஈட்டி பாய்ந்து சாகிறவனின் விலா அடித்துக்கொள்கிறதே, அந்த இழுப்பும் சிங்குல்டுஸ். விக்கல், தேம்பல், சாவு மூச்சு, மூன்றுக்கும் ஒரே சொல்.

'ஒவ்வொன்றாக' என்று பொருள்படும் 'சிங்குலி' என்ற லத்தீன் சொல்லிலிருந்து இது பிறந்ததாகச் சொல்வது வழக்கம். அப்புறம் பேச்சு வழக்கில் 'விழுங்கு' என்ற பொருளுள்ள 'குளுட்டீரே' வந்து ஒட்டிக்கொள்ள, சொல்லின் உருவமே மாறிப்போனது. லத்தீனிலிருந்து பிறந்த மொழிகளான அதன் பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொண்டது தனி வேடிக்கை. பிரெஞ்சு 'சாங்லோ' அழுகைக்கு மட்டும், ருமேனிய 'சுகிட்ஸ்' முக்கியமாக விக்கலுக்கு, போர்ச்சுகீசிய 'சுலூசு' இரண்டுக்கும். இத்தாலிய 'சிங்கியோட்சோ'வும் இரண்டுக்கும்தான், போதாக்குறைக்கு அங்கே கொஞ்ச நேரம் வேலை, கொஞ்ச நேரம் நிறுத்தம் என்று விட்டு விட்டு நடத்தும் வேலைநிறுத்தத்துக்கும் அதே பெயர்!

சரி, இதைத் தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது? மருத்துவத்தில் விக்கல், பேச்சே இல்லை. அழுகை என்றால் பலரும் உடனே 'விம்மல்' போடுகிறார்கள், எனக்கு அதில் பாதி மனசுதான், ஏனென்றால் விம்முதல் என்றால் பூரித்து வீங்குவதும் உண்டு, அங்கே நெஞ்சு நிறைகிறதே தவிர மூச்சு அறுபடுவதில்லை. அழுது ஓய்ந்த குழந்தையைப் பாருங்கள், கண்ணீர் காய்ந்துவிட்டது, கையில் பிஸ்கட்டும் வந்துவிட்டது, ஆனாலும் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் தோள் தூக்கிப்போடுகிறது. அது தேம்பல். கேவல் என்றும் சொல்லலாம். சாங்லோவுக்கு என் ஓட்டு இவற்றுக்கே.

லத்தீன்போல மூன்றையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டுமானால் நம்மிடம் இருப்பது 'விக்கு'தான். 'விக்கி விக்கி அழுதான்' என்கிறோம். 'நாச்செற்று விக்குள்மேல் வாராமுன்' என்ற குறளில் (335) வரும் விக்குள், சாகும்போது நாக்கை அடக்கிவிட்டு மேலெழும் விக்கல்.

போர்ச்சுகீசியக் கதையில் குழந்தைக்கு 'சுலூசு' வந்தால் மட்டும் அடுத்த வரியைப் படித்துவிட்டு மொழிபெயருங்கள், அம்மா தண்ணீர் கொடுக்கிறாளா, மடியில் போட்டுக்கொள்கிறாளா என்று.