ராட்டினத்துக்கு வயது ஆண்டுக் கணக்கில் ஏறுவதில்லை

சைக்கிளின் பின் சில்லில் கம்பி முறிந்துபோன அனுபவம் இல்லாத ஆள் யாழ்ப்பாணத்தில் குறைவு. கடையில் கொண்டுபோய் விட்டால் திருத்துகிறவர் எல்லாக் கம்பிகளையும் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒண்டு போனா மிச்சமும் வரிசையில நிக்குது, முழுக்க மாத்துறதுதான் நல்லம்" என்பார். வியாபாரத் தந்திரம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை, அவர் சொன்னது சுத்தமான உலோகவியல். பொழுதுபோக்குப் பூங்காக்களில் பளபளவென்று நிற்கும், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ராட்டினத்தை ஏன் திடீரென்று கழற்றுகிறார்கள் என்பதற்குப் பெரும்பாலும் அதே பதில்தான்.

விஷயம் இதுதான். உருக்கு பெரும்பாரம் ஒன்றைத் தாங்கிவிட்டு, அதைவிட எவ்வளவோ சிறிய பாரம் திரும்பத் திரும்ப வரும்போது முறிந்துவிடும். சைக்கிள் கம்பி எப்போதும் முறுக்கி இழுபட்டிருக்கிறது. சில்லு உருண்டு அந்தக் கம்பி தரைப்பக்கம் வரும்போது இழுவை கொஞ்சம் தளர்கிறது, மேலே போனதும் மறுபடி இறுகுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு தளர்ச்சி. சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 2.2 மீற்றர் என்று வையுங்கள். பருத்தித்துறைக்கு 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல் மிதித்தால் ஒவ்வொரு கம்பியும் சுமார் 14,000 தடவை தளர்ந்து இறுகியிருக்கும். வழியில் எங்கோ, பெரும்பாலும் கம்பி வளைந்து சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்குள் நுழையும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று தொடங்குகிறது. அப்புறம் ஒவ்வொரு சுற்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும், மிச்சமிருக்கும் உலோகம் பாரத்துக்குப் போதாமல் போகும் நாளில் டக்கென்று முறியும். இப்படி முறிந்த பெரிய அச்சு ஒன்றின் முகத்தைப் பார்த்தால், கசூரினா கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல வரிவரியாக இருக்கும். வெடிப்பு எங்கே தொடங்கி எப்படி நகர்ந்தது என்பதை அந்த வரிகளே காட்டிக்கொடுக்கும்.

1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ஒரு ரயில் இயந்திரத்தின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பின்னர்தான் இந்த 'உலோகக் களைப்பு' பற்றிய ஆராய்ச்சி சூடு பிடித்தது. ஜேர்மனியில் ஓகஸ்ட் வோலர் என்ற ரயில்வே பொறியியலாளர் அச்சுகளை வருடக்கணக்கில் சுற்றவிட்டு, எவ்வளவு பாரத்துக்கு எத்தனை சுற்றில் முறிகிறது என்று எண்ணினார். அவர் கண்டதில் ஒரு நல்ல செய்தி உண்டு: பாரம் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் உருக்கு ஏறக்குறைய எத்தனை சுற்றையும் தாங்கும்.

இராட்சத ராட்டினமும் ஒரு பெரிய சைக்கிள் சில்லுதான், உவமைக்காகச் சொல்லவில்லை. 1893இல் சிகாகோவில் ஃபெரிஸ் என்ற பொறியியலாளர் கட்டிய 80 மீற்றர் உயர முதல் ராட்டினம் இழுபட்ட கம்பிகளில்தான் நின்றது. லண்டனிலுள்ள 'லண்டன் ஐ' ராட்டினம் இன்றும் வடங்களில் அப்படித்தான் நிற்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒன்றரைச் சுற்று, இரவுக்கு ஐந்து மணித்தியாலம் என்று ஒரு கார்னிவல் ராட்டினம் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் ஓடினாலும் 11,250 சுற்றுத்தான், பருத்தித்துறைப் பயணத்தைவிடக் குறைவு! நிமிடத்துக்குப் பல தடவை வீசி ஆடும் ராட்சத ஊசல்களும், வளைவில் ஆளை நசுக்கும் ரோலர் கோஸ்டர்களும் வேறு கதை. அவற்றில் எண்ணிக்கையும் கூட, பாரமும் கூட.

அப்படியானால் மெதுவாகச் சுற்றும் ராட்டினம் என்றென்றும் ஓடுமா? வோலரின் நல்ல செய்தி காய்ந்த காற்றுக்குத்தான் பொருந்தும். இங்கே சோளகம் அடித்தால் போத்தலில் உப்பே கசிகிறது, கடலோர வீடுகளின் யன்னல் கம்பி சில வருடத்தில் பொருக்கு வெடிக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழையே இல்லாவிட்டாலும் கறள் பிடிக்கும். கறள் தின்ற குழி ஒவ்வொன்றும் வெடிப்புக்குத் தொடக்கப்புள்ளி. அந்தப் 'பாதுகாப்பான அளவு' என்பதே பிறகு இல்லை. இதில் மோசமானது குழாய்க்குள் பிடிக்கும் கறள். வெளியே புதுப் பெயின்ற், உள்ளே தண்ணீர் தேங்கி சுவர் மெலிந்துகொண்டே போகும்.

2017 ஜூலையில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் 'ஃபயர் போல்' என்ற 18 வருடப் பழைய ஆட்டப்பொறியில் நடந்தது இதுதான். இருக்கை வரிசையைத் தாங்கிய கை உள்ளுக்குள் கறள் தின்று மெலிந்து, ஓட்டத்தின் நடுவிலேயே முறிந்தது. ஒருவர் அந்த இடத்திலேயே இறந்தார், ஏழு பேர் காயப்பட்டார்கள். அது பரிசோதனையில் தேறியிருந்த பொறி. கண்ணால் பார்க்கும் பரிசோதனைக்கு நான் பெரிதாக மதிப்புக் கொடுக்காததற்கு அதுவே காரணம்.

சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் பெயின்றைச் சுரண்டி, உருக்கைக் காந்தமாக்கி இரும்புத்தூளைத் தூவ வேண்டும். வெடிப்பு இருக்கும் இடத்தில் தூள் கோடாகச் சேரும். சுவரின் தடிப்பை மீயொலியால் அளக்கலாம். ஒவ்வொரு வெல்டிங் ஒட்டுக்கும் இதைச் செய்யும் செலவு, உதிரிப்பாகம் கிடைக்காத பழைய மோட்டரின் செலவு எல்லாம் சேர்ந்து ரிக்கெற் வருமானத்தைத் தாண்டும்போது கழற்றும் முடிவு வருகிறது. இடைவழியும் உண்டு. 1897இல் எழுந்த வியன்னா ராட்டினம் இரண்டாம் உலகப் போரில் எரிந்தது. திருப்பிக் கட்டியபோது 30 பெட்டிக்குப் பதில் 15 மட்டும் மாட்டினார்கள், இன்றும் ஓடுகிறது. வெல்டிங் ஒட்டில் ஏறி இறங்கும் தகைப்பை, அதாவது பாரத்தால் உலோகத்துக்குள் உண்டாகும் அழுத்தத்தை, பாதியாக்கினால் ஆயுள் ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பது பொறியியலாளர்களின் வழக்கமான கணக்கு, ஆகவே பாரத்தைக் குறைப்பது லேசான வைத்தியம் இல்லை.

கழற்றுவதிலும் ஒழுங்கு வேண்டும். பெட்டிகளை ஒரே பக்கத்தில் இறக்கிக்கொண்டு போனால் பாரமான பக்கம் சில்லைத் தானாகச் சுற்றிவிடும். அதனால் எதிரெதிராகச் சோடி சோடியாக இறக்குவார்கள், கம்பிகளின் இழுவையையும் சுற்றிவரச் சமமாகத் தளர்த்துவார்கள். கடைசியில், வெடிப்புக் கண்ட கைகளை ஒட்டுகளுக்குக் குறுக்கே காஸ் வைத்து வெட்டிவிட வேண்டும். முழுசாகப் பழைய இரும்புக்குப் போனால் யாரோ ஒருவர் பெயின்ற் அடித்து இன்னொரு ஊரில் பூட்டிவிடுவார்.