அடி விழுந்தால்தான் கொடுமையா?

"கை நீட்டினானா? இல்லையே, அப்புறம் என்ன கேஸ்?" புகுந்த வீட்டில் பாடாய்ப் படும் பெண்ணிடம் சொந்தக்காரர்களே இப்படிக் கேட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். சட்டம் அடியை மட்டும் பார்ப்பதில்லை.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகளாகியிருக்கிறது. கணவரோ அவருடைய உறவினரோ கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். எது கொடுமை என்பதை 86 சொல்கிறது. தற்கொலைக்குத் தள்ளக்கூடிய அளவுக்கோ, உயிருக்கோ உடலுக்கோ மனநலத்துக்கோ பெருங்கேடு வரும் அளவுக்கோ வேண்டுமென்றே நடந்துகொள்வது ஒரு வகை. நகை, பணம், மனை கேட்டு அவளையோ பிறந்த வீட்டாரையோ நெருக்குவதும், கொடுக்காததற்காகத் துன்புறுத்துவதும் இன்னொரு வகை.

வீட்டில் வரும் எல்லாச் சண்டையும் இதில் அடங்காது. "கொடுமைப்படுத்தினார்கள்" என்று மொட்டையாக எழுதி, குடும்பத்தில் உள்ள அத்தனை பேரையும் சேர்த்தால் மனு நிற்பது கஷ்டம். யார், எப்போது, என்ன செய்தார் என்று எழுதுங்கள்: "பொங்கல் சீர் குறைந்தது என்று மாமியார் இரண்டு நாள் சாப்பாடு தரவில்லை, மீதி 5 பவுன் வராமல் வீட்டுக்குள் வராதே என்று கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்." அந்தச் செய்தி, அண்ணன் பணம் போட்ட வங்கி ரசீது, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

பெண் மட்டுமல்ல, அவளுடைய உறவினரும் புகார் கொடுக்கலாம். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த ஊரிலேயே கொடுக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். புகார் வந்தவுடனே கைது என்பது கிடையாது. கைது தேவைதானா என்று போலீஸ் பார்க்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு.

ஜெயிலெல்லாம் வேண்டாம், தொல்லை நின்றால் போதும் என்கிறீர்களா? 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வசவு, அவமானப்படுத்துவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, செலவுக்குக் காசு தராதது எல்லாமே அதில் வன்முறைதான். சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. இதற்கென அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம், வருமானச் சான்றிதழும் தேவையில்லை.